இல்லத்தின் துணையும் பெண்களின் தொழில் முயற்சியும்



பெண் கல்வியின் அவசியத்தை இனி இம்மேடையில் வற்புறுத்தவேண்டியதில்லை. எமது புதல்வியர் பொறியியலும் கணனி விஞ்ஞானமும் கற்றுவிட்டனர். அவர்களுள் ஒருத்தி, "நான் சொந்தமாகத் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று தொடங்கப் போகிறேன்" என்று கூறுவாளாயின், அவளுடைய இல்லம் என்ன செய்தல் வேண்டும்? இதுவே நாம் ஆராயப் புகும் பொருள்.

இங்கிலாந்திலே ஸ்டெபனி ஷேர்லி என்னும் அம்மையார், 1962 இல், ஆறு பவுண் முதலுடன், தமது வீட்டிலேயே கணனி நிரல் எழுதும் நிறுவனமொன்றைத் தொடங்கினார். வேலை கேட்டு அவர் எழுதிய கடிதங்களுக்கு மறுமொழி வரவில்லை. 'ஸ்டீவ்' என ஆண்பெயராற் கையொப்பமிடும்படி யோசனை கூறியவர் அவர் கணவரே. அதன் பின்னரே வாய்ப்புக்கள் வரலாயின. திருமணத்தாலும் மகப்பேற்றாலும் உத்தியோகத்தை விட்ட பெண்களுக்கு, வீட்டிலிருந்தே செய்யத்தக்க வேலையை அம்மையார் வழங்கினார். முதல் 300 ஊழியருள் ஆண்கள் மூவரே. கொன்கோர்ட் விமானத்தின் பறப்புப் பதிகருவிக்குரிய நிரலையும் அப்பெண்களே எழுதினர்.

இந்தியாவிலே கிரண் மசும்தார், 1978 இல், பத்தாயிரம் ரூபாவுடன் பெங்களூரில் ஒரு வாகனக் கொட்டகையிலே 'பயோகொன்' நிறுவனத்தை ஆரம்பித்தார். பப்பாசிப் பாலிலிருந்து நொதியம் பிரித்தெடுத்தல் அவருடைய முதற் பணிகளுள் ஒன்று. பெண் என்பதனாலும் துறை புதிது என்பதனாலும் வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கின. பியர் வடிசாலையொன்றின் தலைமை நிபுணராயிருந்த தந்தையாரே மகளை நொதித்தற் கலையைக் கற்கும்படி தூண்டியவர். பின்னர் 1998 இல், அந்நியக் கம்பனியிடமிருந்த பங்குகளை மீளவாங்குதற்காக, கணவர் ஜோன் ஷோ தமது இலண்டன் வீட்டை விற்றார்.

இவ்விருவர் வரலாற்றிலும் நாம் காண்பது யாது? தந்தையார் அறிவைத் தந்தார். ஒரு கணவர் நல்ல யோசனை தந்தார். மற்றவர் பொருள் தந்தார். நிறுவனத்தை நடத்தியவர்களோ அப்பெண்களே. எமது இல்லங்களிலோ, "தொழிலை நடத்து, ஆனால் வீட்டு வேலையிற் குறை இருக்கக்கூடாது" என்கின்றோம். இது சம்மதமேயன்றித் துணையாகாது. கடல்கடந்த வாடிக்கையாளர் எமது நள்ளிரவிலும் அழைப்பர். அந்நேரத்தில் அழுங் குழந்தையைத் தூக்குபவர் வேறொருவராதல் வேண்டும். உதவி என்ற பெயரில் அண்ணனோ கணவனோ நிருவாகத்தைத் தம் கையில் எடுத்துக்கொள்வதும் தகாது.

தேசவழமைக்குட்பட்ட மணமான பெண், தன் சீதனக் காணியையாயினும் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கைமாற்றலாகாதென 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதித்தது. வங்கி ஈடு கேட்கும் வேளையில் அந்த ஒரு கையொப்பம் ஒரு தொழிலை வாழவைக்கவும் கூடும், முளையிலே கிள்ளவும் கூடும் என்பதை எண்ணிப் பார்ப்போமாக.

பெரியோர்களே, சீதனத்துக்கெனச் சேர்க்கும் பொருளில் ஒரு பங்கை மகளின் தொழில் முதலாக அவள் பெயரிலேயே வையுங்கள். இளைஞர்களே, சகோதரியும் மனைவியும் கணக்கும் நிரலும் பார்க்கும் இரவுகளில் அடுப்படிப் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். நாம் கற்பித்த கல்வி பயன் தருவது அப்பொழுதே.