பன்னிரண்டாவது படம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் புகைப்படக் கண்காட்சியைத் தொடங்கி வைத்து ஆற்றிய உரை)



பத்து நிமிஷத்துக்கு மேல் பேசக்கூடாது என்று செயலாளர் உத்தரவு. சுவரில் நாற்பது படங்கள் இருக்கின்றன. கொடைக்கானல், ஒகேனக்கல், ஹம்பி எல்லாம் பார்த்தாலே புரியும். வாசல் பக்கம் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறதே, வெறும் மணல், அதைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். "இதை ஏன் சார் மாட்டச் சொல்றீங்க?" என்று காலையில் ஆணி அடித்த மாணவரே கேட்டுவிட்டார்.

1982 பொங்கல் விடுமுறை. விடுதியிலிருந்து ஏழு பேர் ராமேஸ்வரம் கிளம்பினோம். என் கையில் மாமாவின் அக்ஃபா கிளிக் கேமரா. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். இன்றைக்கு நீங்கள் காபி வருவதற்குள் பன்னிரண்டு எடுத்துவிடுகிறீர்கள்! அன்றைக்கு ஒவ்வொன்றுக்கும் ஏழு பேர் கூடி ஆலோசனை. பாம்பனில் அப்போது சாலைப் பாலம் கிடையாது, அது 1988-இல்தான் திறந்தது. ரயில் பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும்போது கதவோரம் நின்று இரண்டு எடுத்தேன். இரண்டும் ஆடிப்போய்விட்டன.

தனுஷ்கோடிக்குக் கடைசி சில மைல் மணலில் நடைதான். இடப்பக்கம் குளம் மாதிரிக் கிடக்கும் பெண் கடல், வலப்பக்கம் இரைச்சலோடு ஆண் கடல். அங்கே அப்படித்தான் சொல்வார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அந்த ஊர் போனது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் வண்டியே நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. எங்களுக்கும் தெரியும். தெரிந்தும் எங்களுக்கு அது ஒரு 'சீனரி'யாகத்தான் இருந்தது.

கூரையில்லாத மாதா கோயில் சுவர் நின்றது. பீடம் இருந்த மேட்டில் ஆறு பேரையும் ஏற்றினேன். ஒருத்தன் சினிமா கதாநாயகன் மாதிரி காலைத் தூக்கிச் சுவரில் வைத்தான், எல்லோரும் சிரித்தார்கள். கிளிக். அது பதினோராவது.

பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக ஒன்றும் பேசவில்லை.

"படம் நல்லா விழுந்துச்சா தம்பி? அந்த மேட்டுலதான் எங்க தங்கச்சி கல்யாணம் நடந்துச்சு."

கால் வைத்தவன் மெதுவாக இறங்கினான். "தங்கச்சி இப்ப எங்கேங்கய்யா?" என்று நான்தான் கேட்டேன், புத்தியில்லாமல். அவர் கடலைப் பார்த்தார். அவ்வளவுதான்.

பிறகு அவரே எங்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார். இது ஸ்டேஷன். போட் மெயில் வந்து நிற்கும், இறங்கினவர்கள் கப்பலேறித் தலைமன்னார் போவார்கள். அது தபாலாபீஸ். அது சுங்கச் சாவடி. இது பள்ளிக்கூடம், நான் ரெண்டாம் வகுப்போட சரி. சில இடத்தில் சுவர் இருந்தது, பல இடத்தில் அவர் விரல் மட்டும்தான் இருந்தது. கடைசியில் ஒரு வெட்டவெளியில் நின்றார்.

"உங்களை ஒரு படம் எடுத்துக்கட்டுமாய்யா?" என்றேன்.

"என்னை எடுத்து என்ன பண்ணப் போறே? இதை எடு. இது எங்க தெரு."

எடுத்தேன். சுருள் முடிந்தது.

ஊருக்கு வந்து கழுவக் கொடுத்தபோது ஸ்டுடியோக்காரர், "பன்னிரண்டுல மூணு வீண் தம்பி. ரெண்டு ஆடிருச்சு, ஒண்ணுல ஒண்ணுமே இல்லை" என்று பிரிண்ட் போடாமல் வைத்துவிட்டார். சண்டை போட்டுத்தான் வாங்கினேன். மாதா கோயில் படம் மட்டும் விடுதி நோட்டீஸ் போர்டில் ஒரு வருஷம் தொங்கியது. எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் படம் இன்றைக்கு இங்கே இல்லை. நான் கொண்டுவரவில்லை.

2018-இல் மகள் குடும்பத்தோடு மறுபடி போனேன். அரிச்சல்முனை வரை 2017-இல் தார்ச்சாலை போட்டுவிட்டார்கள், காரிலேயே போய் இறங்கலாம். மணல் படத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். சங்குக் கடை போட்டிருந்த ஓர் அம்மாளிடம் நீட்டி, "இது எந்த இடம்னு தெரியுதாம்மா?" என்று கேட்டேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரு வீட்டுப் பக்கம்? பேரு சொல்லுங்க, எங்க பெரியம்மாவைக் கேட்டுச் சொல்றேன்" என்றார்.

பேர். அன்று அவரோடு இரண்டு மணி நேரம் நடந்திருக்கிறோம். அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்திருக்கிறோம். ஏழு பேரில் ஒருவருக்கும் பேர் கேட்கத் தோன்றவில்லை.

மாதா கோயிலில் ஒரு கல்லூரிக் கூட்டம் சிரித்துக்கொண்டு அதே மேட்டில் ஏறி நின்றது. "அங்கிள், ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?" என்றார்கள். எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய, எனக்கு அவர்களைச் சொல்ல வாய் ஏது? போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, அந்த மேட்டில் ஒரு கல்யாணம் நடந்தது என்பதை மட்டும் சொன்னேன்.

மாணவர்கள் அந்த மணல் படத்தை முன்பக்கம் பார்த்தால் போதாது. ஸ்டேஷன் எந்தப் பக்கம், பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் என்று அவர் சொன்னதையெல்லாம் பின்பக்கம் பென்சிலால் எழுதினேன். சட்டத்தின் பின்னால் இரண்டு கொக்கிகள் இருக்கின்றன, திருகினால் கழன்று வரும். எழுத்து கொஞ்சம் மங்கிவிட்டது. வெளிச்சத்தில் வைத்துப் படியுங்கள்.