தெருவுக்குக் கதவு போட்ட தீவு

பக்கத்து வீட்டு வாசலில் நின்று ஒரு கொத்து கறிவேப்பிலை கேட்டது கடைசியாக எப்போது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உடனே பதில் வரவில்லையா? அப்படியானால் உங்கள் தாமானின் நுழைவாயிலில் அநேகமாக ஒரு பாதுகாவலர் சாவடியும், சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட தடுப்புக் கட்டையும் இருக்கும்!

சிரிக்கலாம். ஆனால் இன்றைய அரங்கின் பொருள் சிரிப்போடு முடிகிற ஒன்றல்ல. அண்டை அயலார் என்ற உறவு எங்கே போனது என்று தேடப் புறப்பட்டால், பினாங்குத் தீவைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

அந்தத் தீவின் பரப்பளவு ஏறக்குறைய 300 சதுர கிலோமீட்டர்தான். நடுவில் மலை உட்கார்ந்திருக்கிறது. வீடு கட்டச் சமதரை குறைவு. 1972-இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வாணிப வட்டாரம் வந்தது. தொழிற்சாலைகளைத் தேடி மக்கள் வந்தார்கள். 1985-இல் முதல் பாலம், 2014-இல் இரண்டாவது பாலம். ஜோர்ஜ்டவுன் கடைவீடுகளில் சொற்ப வாடகைக்குத் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்களைக் காத்துவந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது முடிவுக்கு வந்தது. வாடகை ஏறியது, பலர் வெளியேறினர். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. சுற்றுப்பயணிகளுக்குக் கொண்டாட்டம்! வெளியேறியவர்களுக்கோ திரும்பி வரும் வழி இன்னும் குறுகியது.

நிலம் சுருங்கினால் விலை ஏறும். விலை ஏறினால் வேலியும் ஏறும். கடலைத் தூர்த்த தஞ்சோங் தோக்கோங்கிலும், தெற்கே பாயான் லெப்பாஸ் பக்கத்திலும், மலைச்சரிவுகளிலும் 'ஹைட்ஸ்', 'ரெசிடென்ஸ்', 'கோவ்' என்று பெயர் சூட்டிக்கொண்டு குடியிருப்புகள் எழுந்தன. பழைய கம்பத்துப் பெயர்கள் பேருந்து நிறுத்தங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

வேலி போட்டவர்களைக் கேலி செய்வது எளிது. அது நியாயமாகாது. வழிப்பறிக்குப் பயந்து தாலிக்கொடியைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு சந்தைக்குப் போன தாய்மார்களைத் தெரியாதவர் இந்த நாட்டில் உண்டா? மோட்டார் சைக்கிள் சத்தம் பின்னால் கேட்டாலே கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும் பழக்கம் சும்மா வந்ததல்ல. பிள்ளைகள் வெளியில் விளையாட வேண்டும், வேலைக்குப் போனபின் வீடு பத்திரமாக இருக்க வேண்டும். இந்த ஆசையில் குற்றம் என்ன இருக்கிறது?

கேள்வி வேறு. காவலுக்கு நிற்பது யார்?

1975-இல் அரசாங்கம் ருக்குன் தெத்தாங்கா திட்டத்தைத் தொடங்கியது. கம்யூனிஸ்டு மிரட்டல் இருந்த காலம் அது. குடியிருப்பு ஆண்கள் முறைபோட்டு இரவில் ரோந்து போக வேண்டும். தொடக்கத்தில் அது கட்டாயக் கடமை. கையில் ஒரு கம்பு, ஒரு டார்ச் விளக்கு. சீனர் ஒருவர், மலாய்க்காரர் ஒருவர், தமிழர் ஒருவர் என்று ஒரே குழுவில் நடப்பார்கள். விடிவதற்குள் யார் வீட்டுப் பையன் தேர்வு எழுதுகிறான், யார் மாமியார் மருத்துவமனையில் இருக்கிறார் என்ற செய்தியெல்லாம் கைமாறிவிடும். காவலோடு சேர்ந்து அறிமுகமும் கிடைத்தது. இன்று அந்த வேலையை மாதக் கட்டணம் கொடுத்து ஒப்படைத்தாகிவிட்டது. சாவடியில் பெரும்பாலும் நேப்பாளத்திலிருந்து வந்த ஒருவர் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார். அவருடைய பெயரைத் தெரிந்து வைத்திருக்கும் வீடுகள் எத்தனை? காசு கொடுத்து வாங்கிய காவலில் தூக்கம் கிடைக்கிறது, உண்மைதான். கூட நடந்த மனிதர்தான் கிடைப்பதில்லை.

இங்கே ஒரு விவரத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும், ஏனெனில் பலரும் குழப்பிக்கொள்வது இதில்தான். வேலி போட்ட குடியிருப்பு இரு வகைப்படும். ஒன்று, அடுக்குரிமைப் பட்டா பெற்றது. 2007-இல் சட்டம் திருத்தப்பட்டபின் தரைவீடுகளுக்கும் அந்தப் பட்டா உண்டு. அங்கே உள்சாலை, விளக்கு, பூங்கா எல்லாம் வீட்டுக்காரர்களின் பொதுச் சொத்து. பராமரிப்புக் கட்டணம் கட்டியே ஆக வேண்டும், கதவைப் பூட்டவும் உரிமை உண்டு. மற்றொன்று, சாதாரணத் தாமான். அதன் சாலை ஊராட்சி மன்றத்துடையது, அதாவது எல்லாருக்கும் சொந்தம். குடியிருப்போர் சங்கம் கூடிப் பேசிச் சாவடி வைத்திருக்கும், அவ்வளவே. பொதுச் சாலையை அடைப்பது 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி குற்றம். வீடமைப்பு, ஊராட்சி அமைச்சு 2010-இல் வெளியிட்ட வழிகாட்டியும், சேர விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது என்ற நிலையில்தான் நிற்கிறது.

சிலாங்கூரில் ஒரு குடியிருப்பாளர் கட்டணம் கட்ட மறுத்தார். வீட்டுக்குப் போகும்போது தடுப்புக் கட்டையைத் தாமே தூக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. ஊராட்சி மன்றம் அனுமதித்த கட்டை அது. அதைத் தூக்குவது சிரமமே தவிரத் தடை ஆகாது என்று 2015-இல் தீர்ப்பானது. தீர்ப்பு தீர்ப்புதான். ஆனாலும் சட்டத்தில் பொதுவாக இருக்கும் சாலை, பழக்கத்தில் சிலருடையதாக மாறுவது இப்படித்தான் தொடங்குகிறது.

மாறினால் யாருக்கு நட்டம்? சொகுசுக் காரில் வருபவருக்குக் கட்டை தானாக மேலே போகிறது. மோட்டார் சைக்கிளில் ரொட்டி தொங்கவிட்டுக்கொண்டு ஹாரன் அடித்து வந்த ரொட்டி பாய் வெளியே நிற்கிறார். தலையில் தட்டு ஏந்திக் கச்சாங் பூத்தே விற்றவர்களின் காலம் ஏற்கெனவே போய்விட்டது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவும் புல் வெட்டும் அண்ணனும் ஒவ்வொரு நாளும் பெயர் எழுதிவிட்டு நுழைகிறார்கள். அதே அம்மா இருபது வருடமாக அந்தத் தெருவில் நடந்தவராகக்கூட இருக்கலாம்! சில சாவடிகளில் அடையாள அட்டையையே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். தனியார் பாதுகாவலருக்கு அந்த அதிகாரம் கிடையாது. தேசியப் பதிவு விதிமுறைகள் தந்த உரிமை போலீஸ் போன்ற அதிகாரிகளுக்கே.

நம்மவர்களுக்கு இந்தக் கதையில் தனி வலி ஒன்று உண்டு. குளுகோர் வட்டாரத்தில் கம்போங் புவா பாலா என்றொரு தமிழர் கம்பம் இருந்தது. புவா பாலா என்றால் ஜாதிக்காய். மாடும் ஆடும் மேய்ந்ததால், தொலைக்காட்சியில் ஓடிய கௌபாய் தொடரின் பெயரால் 'ஹை சாப்பரல்' என்றும் அழைத்தார்கள். பொங்கலுக்கு நிஜமான மாட்டைக் குளிப்பாட்டி மாலை போட்ட கம்பம்! பழைய தோட்ட முதலாளி குடும்பம் தங்கள் முன்னோர்களுக்காக விட்டுச்சென்ற நிலம் என்பது குடியிருந்தவர்களின் வாதம். நிலமோ அரசு அதிகாரிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய், அங்கிருந்து மேம்பாட்டு நிறுவனத்தின் கைக்கு வந்துவிட்டது. 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது; கூட்டரசு நீதிமன்றத்திலும் வழி பிறக்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பருக்குள் வீடுகள் இடிக்கப்பட்டன. இரட்டை மாடி வரிசை வீடு என்ற இழப்பீட்டுக்குப் பல குடும்பங்கள் இணங்கின. பண மதிப்பில் அது சிறிய தொகை அல்ல என்று சொன்னவர்களும் உண்டு. சொல்லட்டும். மாட்டுக் கொட்டகைக்கு அந்த வரிசையில் இடம் இல்லையே! கம்பம் இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது.

அதே தீவில்தான் ஆண்டுதோறும் தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளிரதம் புறப்படுகிறது. 1894-இல் செய்த ரதம். பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை நகரத்தார் கோயில் வரை தெருத் தெருவாகப் போகிறது. வழியெங்கும் தேங்காய் மலைபோல் குவிந்திருக்கும். உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம். யாரும் யாரையும் முன்பதிவு செய்யச் சொல்வதில்லை, எந்த ஊர்க்காரர் என்று கேட்பதில்லை. தெரு திறந்திருப்பதால் நடக்கும் காரியம் அது. இதற்கு நேர்மாறாக, தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வரும் விருந்தாளி இன்று சில தாமான்களில் கைப்பேசிச் செயலியில் பெயரும் கார் எண்ணும் பதிந்து, ஒப்புதல் வந்தபின்தான் உள்ளே போக முடிகிறது. இல்லம் திறந்துதான் இருக்கிறது, தெரு பூட்டியிருக்கிறது!

சாவடியை நாளைக்கே பிடுங்கி எறி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சாதாரணத் தாமானில் வசிக்கும் நேயர்கள் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் சில கேள்விகள் கேட்கலாம். ஊராட்சி மன்றத்தின் அனுமதிக் கடிதம் கையில் இருக்கிறதா, எந்தத் தேதி வரை? பகலில் கட்டையைத் தூக்கி வைத்துவிட்டு இரவில் மட்டும் இறக்கினால் என்ன? ஆம்புலன்ஸ் வந்தால் யார் திறப்பது? அடையாள அட்டையை வாங்கி வைக்கும் பழக்கம் இருந்தால் எந்த மாதத்தோடு நிற்கும்? கட்டணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, பெயரளவில் இருக்கும் ருக்குன் தெத்தாங்கா ரோந்தை வாரத்துக்கு ஓர் இரவாவது மீண்டும் தொடங்க ஆள் உண்டா? கையைத் தூக்க முதல் ஆள் ஒருவர் வேண்டும். பெரும்பாலான சங்கங்களில் பேச்சு நின்றுபோவது அந்த இடத்தில்தான்.