எங்களைத் தாங்கும் என்புகள்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



வன்கூட்டுத் தொகுதியைப் பற்றிப் பேசும்படியும், அதை உயிரியல் பாடமாக்கிவிட வேண்டாம் என்றும் செயலாளர் கேட்டுக்கொண்டார். கொஞ்சம் பாடம் இல்லாமல் முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எலும்பு என்றோம், புத்தகத்தில் என்பு என்று படித்தோம். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்த டாக்டர் சாமுவேல் கிறீன், உடலமைப்புப் படிப்பை அங்காதிபாதம் என்றார். எந்தப் பெயரால் அழைத்தாலும் விடயம் ஒன்றுதான்.

வளர்ந்த ஒருவரின் உடலில் 206 என்புகள். பிறக்கும்போது அதைவிடக் கூட, கிட்டத்தட்ட 300 பகுதிகள். வளர வளரச் சில ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மண்டையோடு, முள்ளந்தண்டு, விலாக்கள், மார்பென்பு ஆகியவற்றோடு செவியினுள்ளே உள்ள சிற்றென்புகளும் தொண்டையில் உள்ள ஓர் என்பும் சேர்ந்த அச்சுப்பகுதி 80. தோள், இடுப்பு, கைகால்கள் 126. இந்த 126இல் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு கையில், மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை 27 என்புகள். ஒரு பாதத்தில் 26. இரண்டு கைகளையும் இரண்டு பாதங்களையும் கூட்டிப் பாருங்கள், 106 வரும். உடலின் என்புகளில் பாதிக்கு மேல் கைகளிலும் பாதங்களிலும்தான். கோலம் போடுவதும் ஊசியில் நூல் கோப்பதும் சும்மா வந்த திறமை அல்ல.

ஆய்வுகூட மூலையில் தொங்கிய எலும்புக்கூட்டைப் பார்த்து, என்பு என்றால் காய்ந்த, செத்த பொருள் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உயிருள்ள என்பு அப்படியல்ல. அதற்குள் இரத்தம் ஓடுகிறது, நரம்பு இருக்கிறது. அதன் மச்சையில்தான் இரத்தக் கலங்கள் உருவாகின்றன. கோழிக்கால் எலும்பு ஒன்றைச் சில நாள் வினாகிரியில் ஊறவையுங்கள். கல்சிய உப்புக்கள் கரைந்துபோக, எலும்பு இறப்பர் போல வளையும். இன்னொன்றை நெருப்பில் சுடுங்கள். கொலாஜன் என்ற புரதம் எரிந்துபோக, வடிவம் மாறாமல் நிற்கும், ஆனால் தொட்டால் நொறுங்கும். கொங்கிறீற்றுக்குள் கம்பி வைப்பதுபோல இரண்டும் சேர்ந்திருப்பதுதான் என்பின் பலம். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் செய்துகாட்டுங்கள், சந்தோசப்படுவார்கள்.

இனி எங்கள் விடயத்துக்கு வருகிறேன். என்பு ஒவ்வொரு நாளும் இடிக்கப்பட்டுக் கட்டப்படுகிறது. அரிக்கும் கலங்கள் ஒருபுறம், கட்டும் கலங்கள் மறுபுறம். இப்படி ஆண்டொன்றுக்கு வன்கூட்டின் பத்தில் ஒரு பங்கு புதிதாகிறது. இளமையில் கட்டுவது கூட, அரிப்பது குறைவு. 30 வயதளவில் சேமிப்பு உச்சத்தைத் தொடுகிறது. பிறகு மெல்லமெல்லக் குறையும். பெண்களுக்கு இங்கே ஒரு சோதனை இருக்கிறது. அரிக்கும் கலங்களை அடக்கிவைத்திருப்பது ஈஸ்திரோஜன் ஓமோன். மாதவிடாய் நின்ற பிறகு அது குறைய, முதற் சில ஆண்டுகளில் என்பு வேகமாகக் கரைகிறது. வலியில்லை, காய்ச்சலில்லை. அதனால் யாரும் கவனிப்பதில்லை.

உலகில் 50 வயதைக் கடந்த பெண்களில் மூவரில் ஒருவருக்கு இந்த என்பு நலிவினால், அதாவது ஒஸ்டியோபொரோசிஸினால், எங்கேயாவது ஒரு முறிவு வருகிறது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. முதலில் பெரும்பாலும் மணிக்கட்டு. குளியலறையில் வழுக்கும்போது கையை ஊன்றுவோம், ஆரையென்பு முறியும். டப்ளினைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் ஏபிரகாம் கொலிஸ் 1814இல், எக்ஸ்ரே வருவதற்கு 81 ஆண்டுகளுக்கு முன்பே, இதை விபரித்து எழுதினார்; இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறோம். அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தால் பத்துப் போட்டோ, மா கட்டியோ காரியத்தை முடித்துவிடுகிறோம். ஏன் முறிந்தது என்று கேட்பதில்லை. நின்ற உயரத்திலிருந்து விழுந்து ஓர் என்பு முறிந்தால் அது விபத்து மட்டுமல்ல. என்பு அடர்த்தியைப் பரிசோதிக்கச் சொல்லி வைத்தியரிடம் நீங்களாகவே கேளுங்கள். அப்படிக் கேட்காமல் விட்டால் அடுத்தது இடுப்பு மூட்டாக இருக்கலாம். அதற்குப் பிறகு பலர் பழையபடி நடப்பதில்லை. அதேபோல, "அம்மா கூனிப்போனா, கட்டையாப் போனா" என்று சொல்கிறோமே, அது வயது மட்டுமல்ல. முள்ளென்புகள் ஓசையில்லாமல் நசிந்திருக்கலாம்.

சாப்பாட்டில் எங்களுக்குக் குறையில்லை. குரக்கன், எள்ளு, முருங்கையிலை, முள்ளோடு சாப்பிடும் நெத்தலி எல்லாவற்றிலும் கல்சியம் நிறைய உண்டு. குரக்கன் 100 கிராமில் பாலைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. ஆனால் விற்றமின் டி இல்லாவிட்டால் குடல் அதை உறிஞ்சாது. விற்றமின் டி வெயிலிலிருந்து வருவது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருக்கும் தோழிகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். பனிக்காலத்தில் அங்குள்ள வெயிலால் தோலில் விற்றமின் டி உண்டாகாது. எங்கள் தோல் நிறத்துக்குக் கோடையிலும் கூடுதல் நேரம் வேண்டும். பிரித்தானியாவில் இலையுதிர்காலத்திலும் பனிக்காலத்திலும் எல்லோருக்கும் நாளொன்றுக்கு 10 மைக்குறோகிராம் விற்றமின் டியைப் பரிந்துரைக்கிறார்கள். கருமையான தோலுள்ளவர்களை ஆண்டு முழுதும் எடுக்கும்படி சொல்கிறார்கள். ஊரில் இருப்பவர்களும் தப்பவில்லை. "வெயிலுக்குள்ள நிக்காதை பிள்ளை, கறுத்துப்போவாய்" என்று சொல்லியே பெண்பிள்ளைகளை வளர்க்கிறோம்.

இதனோடு சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பெண்பிள்ளையின் என்புச் சேமிப்பில் ஏறத்தாழ 90 வீதம் 18 வயதுக்குள் முடிந்துவிடுகிறது. என்பு பாரம் தாங்கினால், அதிர்ந்தால்தான் தடிக்கும், ஓடவேண்டும், துள்ளவேண்டும். வலைப்பந்து அதற்கு அச்சொட்டான விளையாட்டு. ஆனால் பத்தாம் வகுப்பு வந்ததும் பிள்ளைகளை விளையாட்டிலிருந்து மறித்து ரியூசனுக்கு அனுப்புகிறோம். பின்னேரம் நான்கு மணிக்கு முற்றம் வெறுமையாகக் கிடக்கிறது. நூற்றாண்டு நிதியில் கட்டடம் கட்டுவது நல்லது. ஆனால் அந்த முற்றத்தில் ஓர் அடியையும் எடுத்துவிடாதீர்கள். முடிந்தால் அதைத் திருத்தி, மின்விளக்குப் போட்டு, ஒரு பயிற்றுநரையும் அமர்த்திக் கொடுங்கள். மண்டபத்தில் கல்வெட்டு வைப்பதுபோல அதற்குப் பெயர்ப்பலகை வைக்க இடமில்லைத்தான்.

வந்திருக்கும் அக்காமாருக்கு நடை போதும். கொஞ்சம் பாரம் தூக்கிப் பழகுவதும் ஒற்றைக்காலில் நின்று சமநிலை பழகுவதும் நல்லது. பக்கத்தில் பிடிப்பதற்குக் கதிரை இருக்கட்டும். குளியலறையில் வழுக்காத விரிப்பும் கைபிடியும் போடுங்கள். இரவில் எழும்பி நடக்கும் வழியில் ஒரு சின்ன வெளிச்சம் எரியட்டும்.

முழங்கால் நோவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை என்று முன்வரிசையில் இருப்பவர்கள் பார்க்கும் பார்வையிலேயே தெரிகிறது. அது தனியாக ஒரு மணித்தியாலம் பேசவேண்டிய கதை. தேநீர் குடிக்கும்போது கேளுங்கள், சொல்கிறேன்.