தொடையிடுக்குக் கட்டியும் பெண்களின் வெட்கமும்

(சிங்கப்பெருமாள் கோவில் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பெண்களுக்குத் தொடையிடுக்கில் உண்டாகும் ஒரு கட்டியைப்பற்றி இன்று பேச வந்திருக்கிறோம். இதைச் சொன்ன மாத்திரத்தில் முன்வரிசையில் சிலர் தலையைக் குனிந்துகொள்வதும், பின்னால் சிலர் சிரிப்பதும் நமக்குத் தெரியாமலில்லை. ஆண்பிள்ளைக்கு ஓதம் இறங்கினால் டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறோம். குடலிறக்கம் வந்தால் எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு செலவு என்று நாலு பேரைக் கேட்கிறோம். ஒரு பெண்ணுக்கு அதே இடத்தில் எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கினால் மாத்திரம் அவள் பெற்ற தாயிடங்கூடச் சொல்லாமல் புடவைக்குள் மறைத்துக்கொள்ள வேண்டுமென்றால், இதில் என்ன நியாயம் இருக்கிறது? யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்ததைச் சொல்லுகிறோம். ஊரும் பேரும் வேண்டியதில்லை. முப்பது வயதைக் கடந்த ஒரு அம்மாளுக்கு வலது தொடையிடுக்கில் சிறு கட்டி கண்டது. நெறி கட்டியிருக்கிறது என்றார்கள். காலில் முள் குத்திப் புண்ணானால் நெறி கட்டுவது உண்மைதான். புண் ஆறினால் அதுவும் வடிந்துபோகும். இது வடியவில்லை. சூட்டுக் கட்டி என்று மாமியார் விளக்கெண்ணெய் வைத்துப் பார்த்தார். பிறகு நரசிம்மருக்கு நேர்ந்துகொண்டு குன்றைச் சுற்றி வந்தார்கள். கட்டி நேர்த்திக்கடனைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பிறகு வைத்தியம் தெரிந்தவர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் ஊசியைக் குத்தி நீரை உறிஞ்சி எடுத்தார். இரண்டு மாதத்தில் நீர் பழையபடி கோத்துக்கொண்டது. இவ்வளவோடு போயிருந்தாலும் பாதகமில்லை. "நல்ல நடத்தையுள்ளவளுக்கு அந்த இடத்தில் ஏன் கட்டி வருகிறது?" என்று புருஷன் வீட்டில் ஒரு வாய் கேட்டது. கேட்ட வாய்க்கு ஜவாப்பு சொல்ல அந்த அம்மாளுக்கு வழியில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவளால் சொல்லமுடியாத ஜவாப்பைத்தான் இன்று நாம் சொல்ல வந்திருக்கிறோம்.

சிசு கருவிலிருக்கும்போது அதன் வயிற்றுக்கு உட்புறம் ஒரு மெல்லிய உறை இருக்கிறது. அந்த உறை தொடையிடுக்கு வழியாக விரல்போல ஒரு சிறு பையை வெளியே நீட்டுகிறது. ஆண் சிசுவுக்கு விரை அந்த வழியாகத்தான் கீழே இறங்குகிறது. பெண் சிசுவுக்குக் கருப்பையைப் பிடித்துக்கொண்டிருக்கும் கயிறு போன்ற ஒரு நார் அந்த வழியாக வந்து பெண்குறியின் பக்கத்துத் தடிப்பில் முடிகிறது. பை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். பிறக்கும் சமயத்திலோ, பிறந்து கொஞ்ச காலத்திலோ அது தானாகவே மூடி மறைந்துவிட வேண்டும். ஆண் குழந்தைக்கு மூடாமல் நின்றுவிட்டால் ஓதமென்கிறோம், அல்லது குடலிறக்கமென்கிறோம். பெண்ணுக்கு மூடாமல் நின்று அதில் நீர் கோத்துக்கொண்டால் இந்தக் கட்டி. அதாவது பெண்ணுக்கு வந்த ஓதம், அவ்வளவுதான்! ஹாலந்து தேசத்தில் லெய்டன் நகரத்திலிருந்த ஆன்டன் நக் என்ற உடற்கூறு நிபுணர் 1691ஆம் வருஷத்திலேயே இந்தப் பையை எழுதிவைத்தார். அதனால்தான் டாக்டர்கள் இன்றைக்கும் இதை நக் குழாய்க் கட்டி என்கிறார்கள். முன்னூறு வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த சங்கதிக்கு நம் வீடுகளில் நடத்தையைப்பற்றிய விசாரணை நடக்கிறது! தாய் வயிற்றிலிருந்தபோது உண்டான பைக்கு, பிறந்து முப்பது வருஷம் கழித்து வந்த நடத்தை எப்படிக் காரணமாகும்? பூர்வ ஜென்மத்துக் கர்மம் என்று வேண்டுமானால் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் அந்தக் கர்மம் ஆண் குழந்தைக்கு ஓதமாக வரும்போது ஏன் யாரும் அவன் நடத்தையை விசாரிப்பதில்லை?

இது அபூர்வமான கட்டி. ஆபரேஷன் மேஜையில் திறந்து பார்க்கிறவரையில் குடலிறக்கமென்று எண்ணிக்கொண்டிருந்த டாக்டர்களும் உண்டு. பையின் இரண்டு முனையும் மூடி நடுவில் மாத்திரம் நீர் நின்றால் மணிபோல உருளும். படுத்தாலும் எழுந்தாலும் அளவு மாறாது. மேல்முனை திறந்திருந்தால் நின்றால் பெருக்கும், படுத்தால் குறையும். சிலருக்கு உடுக்கைபோல நடுவில் இடுங்கி, ஒரு பாதி வயிற்றுப்பக்கமும் ஒரு பாதி வெளியிலுமாக இருப்பதுமுண்டு. வலி அநேகமாய் இருக்காது. அதனால்தான் வருஷக்கணக்கில் மறைத்துவைக்க முடிகிறது.

வலியில்லாததை ஏன் காட்டவேண்டும் என்று கேட்பீர்கள். அந்த இடத்தில் வருவதெல்லாம் நீர்க்கட்டியல்ல என்பதற்காகத்தான். குடலிறக்கமாக இருக்கலாம். தொடையின் பெரிய ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் இறங்கும் ஒருவகைக் குடலிறக்கம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். அது வெகு எளிதில் இறுகிக்கொள்ளும். இறுகினால் குடலுக்கு ரத்தம் போகாமல் அழுகிவிடும். கட்டி திடீரென்று கல்லாகி, வலித்து, வாந்தி வந்து, வாயு பிரியாமல் நின்றால் அது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய காரியம். நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தால் ஆள் மிஞ்சாது. பெண் குழந்தைகளுக்கு இந்தப் பைக்குள் சினைப்பையே இறங்கிவிடுவதுமுண்டு. அப்போதும் தாமதம் கூடாது. மாதவிலக்குத் தோறும் கட்டி வலித்தால், கருப்பையின் உள்வரித் திசு அங்கே போய்த் தங்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கர்ப்பிணிக்கு அந்த இடத்தில் வீங்கினால் ரத்தநாளங்கள் புடைத்திருப்பதாகவும் இருக்கலாம். பிரசவத்துக்குப் பின் அது தானே அடங்கும், கத்தி வேண்டியதில்லை. இப்போது சொல்லுங்கள்: குடலோ, சினைப்பையோ, ரத்தநாளமோ என்று தெரியாத இடத்தில் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு ஊசியைக் குத்தலாமா? அந்த அம்மாளுக்கு உள்ளே வெறும் நீராக இருந்ததால் பிழைத்தாள். நீரென்று தெரிந்தே குத்தி எடுத்தாலும் பை உள்ளேயே இருப்பதால் மறுபடியும் ஊறத்தான் செய்யும்.

ஸ்கேன் என்கிற ஒலியலைச் சோதனையில் கத்தியுமில்லை, ஊசியுமில்லை. நீரா, குடலா, ரத்த ஓட்டமா என்று அநேகமாய் அதிலேயே தெரிந்துவிடும். சந்தேகமிருந்தால் எம்.ஆர்.ஐ. படம் எடுப்பார்கள்.

நிற்க. வெட்கத்தின் விலை என்னவென்பதற்கு வெளிதேசத்து உதாரணம் தேட வேண்டியதில்லை. இதே ரயில் பாதையில் தெற்கே போனால் திண்டிவனம் வருகிறது. 1890களில் அங்கே ஒரு அமெரிக்க மிஷன் டாக்டர் இருந்தார். அவர் மகள் ஐடா ஸ்கடர் அப்போது வைத்தியம் படிக்காத இளம்பெண். ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் கிடக்கும் தங்கள் மனைவியைப் பார்க்க அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். எனக்கு வைத்தியம் தெரியாது, என் தகப்பனார் வருவார் என்றாள். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். ஒருவர் பார்ப்பனர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் மேல்சாதி இந்து. கொள்கையில் மாத்திரம் அன்றைக்கு மூன்று பேருக்கும் பேதமில்லை! ஐடா ஸ்கடர் அமெரிக்கா போய் வைத்தியம் படித்து 1900இல் திரும்பிவந்து வேலூரில் வைத்தியம் தொடங்கினார். 1918இல் அங்கே பெண்களுக்கென்று வைத்தியப் பள்ளியும் ஏற்பட்டது. அதைக் கடவுளின் அழைப்பு என்று அவர் சொல்லிக்கொண்டார். அழைத்த கடவுள் அந்த மூன்று பேரையும் பிழைக்கவைத்துவிட்டு அழைத்திருக்கலாமே என்பது நம்முடைய அபிப்பிராயம். அந்த அம்மாளின் உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. சென்னையிலும் அப்படித்தான். 1875இல் மெடிகல் காலேஜில் சேர்ந்த முதல் பெண்களில் ஒருவரான மேரி ஷார்லீப், 1885இல் கோஷா ஆஸ்பத்திரியை ஏற்படுத்தினார். பெண்ணுக்குப் பெண் டாக்டர் கிடைக்க அவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது. இன்று பெண் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. பழைய வெட்கம் மாத்திரம் அப்படியே இருக்கிறது.

இனி வைத்தியத்துக்கு வருவோம். தொடையிடுக்கில் சில அங்குலம் கீறி, பையை முழுவதும் எடுத்து, அதன் கழுத்தைக் கட்டிவிடுவது பழைய முறை. அது கெட்ட முறையல்ல, இன்றைக்கும் செய்கிறார்கள். இப்போது துளைவழி ஆபரேஷன் வந்திருக்கிறது. மயக்கம் கொடுத்து, தொப்புள் பக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவில் ஒரு துளை, இன்னும் சிறியதாக இரண்டு துளை. கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றுக்குள் இடம் உண்டாக்குகிறார்கள். ஒரு துளையில் விளக்கோடு கூடிய கேமரா, மற்றவற்றில் நீண்ட மெல்லிய கருவிகள். டாக்டர் பார்ப்பது டெலிவிஷன் திரையை. உள்ளுறையைத் திறந்து, பையை நாரிலிருந்து பிரித்தெடுத்து, வழி பலவீனமாக இருந்தால் வலைத்துணி ஒன்றை வைத்து அடைத்து, உறையை மூடிவிடுகிறார்கள். வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடமாடலாம். அதைவிட முக்கியமானது, உள்ளேயிருந்து பார்ப்பதால் மறுபக்கத்தையும், ஒளிந்திருக்கும் குடலிறக்கத்தையும் அதே சமயத்தில் பார்த்துக்கொள்ளலாம். பெண்களுடைய தொடையிடுக்குக் குடலிறக்கத்துக்குத் தேர்ந்த கையிருக்குமிடத்தில் கேமரா முறையே ஏற்றதென்று 2018இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதலும் சொல்லுகிறது.

இந்த ஊர்க் குன்றைக் குடைந்து கோவில் செய்தவர்களும் பாறைக்கு முன்னால் மந்திரம் சொல்லித் திறக்கவில்லை. உளியைக் கொண்டுதான் திறந்தார்கள். துளைவழி ஆபரேஷனும் கருவியும் கைப்பழக்கமும் சேர்ந்து வந்ததுதான். 1901இல் ஜெர்மனியில் கெல்லிங் என்பவர் ஒரு நாயின் வயிற்றுக்குள் காற்றைச் செலுத்திக் குழாய் வழியாகப் பார்த்துக் காட்டினார். 1910இல் ஸ்வீடனில் யாக்கோபேயஸ் மனிதரிடம் செய்தார். 1980இல் கீல் நகரத்தில் கர்ட் செம் துளைவழியாகவே குடல்வாலை எடுத்தபோது, சக டாக்டர்களே அவரைப் பரிகசித்தார்கள். அவர் பெண்கள் வைத்தியர் என்பதைக் கவனியுங்கள். இந்தியாவில் 1990இல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் உத்வாடியா துளைவழியாகப் பித்தப்பையை எடுத்தார். நம் நாட்டில் இதை வளர்த்தவர்களில் கோயம்புத்தூர் டாக்டர் பழனிவேலு ஒருவர். இளமையில் மலேசியாவில் கூலி வேலை செய்துவிட்டு, வயது கடந்து படிப்பைத் தொடர்ந்து டாக்டரானவர். எந்தச் சாதிக்கு எந்தத் தொழில் என்று எழுதிவைத்தவர்கள் இவரைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை போலும்!

ஆனால் ஒன்று. சாமியை விட்டுவிட்டு மெஷினைக் கும்பிடச் சொல்ல நாம் வரவில்லை. தையலில்லை, தழும்பில்லை, ஒரே நாளில் சுகம் என்று விளம்பரம் போடுகிறவர்கள் உண்டு. துளைவழிக்கு முழு மயக்கம் வேண்டும். இருதயம், நுரையீரல் பலவீனமானவர்களுக்கு முதுகில் ஊசி போட்டு வெளியே கீறுவதே ஏற்றதாக இருக்கலாம். கட்டி வெகு கீழே இறங்கியிருந்தால், மேலே கேமரா வைத்தாலும் கீழே கொஞ்சம் கீறத்தான் வேண்டும். ஆகவே, "எனக்கு எந்த முறை, ஏன், நீங்கள் இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" என்று டாக்டரைக் கேளுங்கள். கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்கிறவர் டாக்டரானாலும் பூசாரியானாலும் நமக்கு ஒன்றுதான். எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்றும் கேளுங்கள்.

எழுதிக் கேட்ட கேள்விகளில் மூன்றுக்கு மாத்திரம் ஜவாப்பு சொல்லுகிறோம். அந்த நாரை அறுத்தால் பிள்ளை பிறக்குமா என்று ஒரு தாயார் கேட்கிறார். பிறக்கும். அந்த நார் ஒன்று போனதால் கர்ப்பம் தரிப்பது நிற்பதில்லை. கூடுமானவரை அதை அறுக்காமலும் எடுக்கப்பார்க்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பின் மறுபடி வருமா என்பது இரண்டாவது. பையை முழுவதும் எடுத்து வழியை மூடினால் வருவது அபூர்வம்.

எங்கே போவதென்று மூன்றாவது கேள்வி. இங்கிருந்து ரயில் ஏறினால் பரனூர், அடுத்தது செங்கல்பட்டு. அங்கே அரசாங்க மெடிகல் காலேஜ் ஆஸ்பத்திரி 1965 முதல் இருக்கிறது. காலையில் வெளிநோயாளிப் பகுதியில் சீட்டு வாங்கிக்கொண்டு, அறுவைப் பகுதிக்குப் போகவேண்டுமென்று சொல்லுங்கள். பெண் டாக்டர் பார்க்கவேண்டுமென்றால் வாய்விட்டுக் கேளுங்கள். முன்னே எடுத்த ஸ்கேனும் சீட்டுகளும் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் காட்டி, இதற்குச் செல்லுமா என்று அங்கேயே விசாரியுங்கள். நாம் சொன்ன அந்த அம்மாளும் கடைசியில் ஸ்கேன் எடுத்துத்தான் ஆபரேஷன் செய்துகொண்டாள். பையைப் பரிசோதித்து வந்த சீட்டில், பிறவியிலேயே மூடாமல் நின்ற பையில் நீர் கோத்த கட்டி என்று எழுதியிருந்தது. அவள் தமயன் அந்தச் சீட்டை அவள் புருஷன் வீட்டு மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார்.