நீங்கள் படிக்க வைத்த பிள்ளைகள் எங்கே?

(திண்டுக்கல்லில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் எங்கள் செவிலியர் பள்ளி ஆசிரியைகள் சார்பில் வாசிக்கப்பட்ட செய்தி)



இந்த வெயிலிலும் பஸ் மாறி வந்திருக்கிறீர்கள், நன்றி. இவ்வாண்டு தேறிய மாணவிகளைப் பற்றிப் பேசும்படி எங்களைக் கேட்டார்கள். ஆனால் அதற்கு முன் ஒரு பழைய கடன் இருக்கிறது. போன கூடுகையில் பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மா ஒருவர் எழுந்து, "மூன்று வருஷம் கைப்பிடி அரிசிக் காணிக்கை சேர்த்து ஒரு பிள்ளையைப் படிக்க வைத்தோம். அது உங்கள் வார்டில் இல்லையே, சிஸ்டர், எங்கே போயிற்று?" என்று கேட்டார்கள். அன்று நாங்கள் சிரித்து மழுப்பிவிட்டோம். இன்று பதில் சொல்லுகிறோம்.

அந்தப் பிள்ளை எங்களிடம் இரண்டு வருஷம் வேலை செய்துவிட்டு, வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலைக்குப் போய்விட்டாள். தம்பி தங்கையின் படிப்புச் செலவு அவள் தலைமேல் இருந்தது. அவள் விடைபெற வந்த அன்று எங்களில் சிலர் முகங்கொடுத்துப் பேசவில்லை. "ஊழியத்தை விட்டுவிட்டு மில்லுக்குப் போகிறாயே" என்றோம். அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம்.

மில்லில் நர்ஸுக்கு என்ன வேலை, தலைவலி மாத்திரை கொடுப்பதுதானே என்று நாங்களும் நினைத்திருந்தோம். 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் முதலுதவி அறையும், மருத்துவ, செவிலியர் பணியாளரும் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. அப்படிப்பட்ட ஓர் அறையில் அவள் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்களுக்கு இரத்தச்சோகை, மாதவிடாய்க் கோளாறு, மெஷினில் விரல் சிக்கிய காயம், எல்லாவற்றிற்கும் அவள்தான். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் சிலருக்கு நெஞ்சு இறுக்கமும் மூச்சுத் திணறலும் வரும். அடுத்தடுத்த நாட்களில் குறைந்தாற்போல் இருக்கும். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயின் ஆரம்பம் அப்படித்தான். "லீவு போட்டு வந்த சோம்பல்" என்று மேற்பார்வையாளர் சொல்லுவார். அது சோம்பல் அல்ல என்று எழுதிக் கொடுக்க அந்த அறையில் ஒருத்தி வேண்டும். "வார்டில் சந்தேகம் வந்தால் டாக்டரைக் கூப்பிடுவேன், சிஸ்டர். இங்கே இரவு ஷிப்டில் யாரை மெஷினுக்குத் திருப்பி அனுப்புவது, யாரை வண்டியில் ஏற்றுவது என்று நானே முடிவு செய்ய வேண்டும்" என்று போனில் சொன்னாள். நாங்கள் மூன்று வருஷம் கற்றுக்கொடுத்தது இதற்குத்தானே!

இன்னொருத்தி கிராம சுகாதாரச் செவிலியர். சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. கர்ப்பிணிகளின் பெயர்ப் பதிவு, தடுப்பூசி, வீடு வீடாகப் போதல், அதன்பின் ஒரு மலை பதிவேடுகள். 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தமிழ்நாடு அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபின் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளும் வீட்டுக்கே வருகின்றன. நம் மாவட்டத்துக்கு இது புதிதல்ல. டாக்டர் சௌந்தரம் அம்மையார் 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கியபோதே, நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. இந்தப் பிள்ளையிடம், "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டோம். மருந்தோ கருவியோ கேட்பாள் என்று எதிர்பார்த்தோம். இரவில் தங்கும் அறைக்கு உறுதியான தாழ்ப்பாள் வேண்டும் என்றாள். பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்கள் நாம்! வெட்கமாயிருந்தது.

அரசு வேலை கிடைத்துவிட்டால் கவலையில்லை என்று பெற்றோர் நம்புகிறார்கள். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. 2017 நவம்பரில் சென்னையில் ஆயிரக்கணக்கான ஒப்பந்தச் செவிலியர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தது நினைவிருக்கலாம். அப்போது அவர்கள் வாங்கிய தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். பிள்ளைகள் வெளிநாட்டைப் பார்ப்பதற்குக் காரணம் பேராசை என்று பிரசங்கம் செய்வது சுலபம்; நாங்களும் செய்திருக்கிறோம்.

வெளிநாடு போகிறவர்களைக் குறித்து எங்களுக்குப் பயம் வேறு. எங்கள் மாணவி ஒருத்தியின் தகப்பனார் நிலத்தை அடமானம் வைத்து ஒரு முகவரிடம் பணம் கட்டினார். வேலையும் வரவில்லை, பணமும் வரவில்லை. 2014 ஜூலையில் ஈராக்கின் திக்ரித் நகரில் போருக்கு நடுவே சிக்கி மீண்ட 46 இந்தியச் செவிலியரில் பலர் கேரளத்துப் பிள்ளைகள். வீட்டுக் கடன் அடையாமல் எப்படித் திரும்புவது என்று அவர்களில் சிலர் தயங்கினார்கள். மறு ஆண்டே குவைத் வேலைக்கு ஏறத்தாழ 20 லட்சம் வசூலித்த விவகாரம் வெளிவந்தது. அதன்பின் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செவிலியரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மத்திய அரசு அரசு நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. தமிழ்நாட்டில் 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. இவற்றையெல்லாம் நாங்கள் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் போய்விடுவார்களோ என்ற பயம். சொல்லாததால் முகவரிடம் போனார்கள்.

எங்கள் நஷ்டத்தையும் மறைக்கவில்லை. சில இரவுகளில் 20 நோயாளிகளுக்கு ஒரே சிஸ்டர். அந்தப் பாரத்தில், சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொண்டால் என்ன என்றுகூட யோசித்தோம். சில இடங்களில் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் பிடித்து வைக்கப்பட்ட நர்ஸ் நோயாளியின் அருகில் எந்த முகத்தோடு நிற்பாள்?

ஆகையால் ஒரு விண்ணப்பம். நீங்கள் கையெழுத்திடும் உதவித்தொகைப் படிவத்தில், "படிப்பு முடிந்ததும் நம் மருத்துவமனையிலேயே ஊழியம் செய்வாள்" என்று ஒரு வரி இருக்கிறது. அதை எடுத்துவிட உங்கள் சம்மதத்தைக் கேட்கிறோம். இதனால் சில சபைகள் காணிக்கையை நிறுத்தக்கூடும் என்று நிர்வாகம் எச்சரித்தது. அந்தப் பயம் எங்களுக்கும் உண்டு. இருந்தாலும், இறுதியாண்டில் மாணவிகளை ஒரு மாதம் மில்லுக்கும், துணை சுகாதார நிலையத்துக்கும், வீட்டில் படுத்த படுக்கையாயிருக்கும் முதியோரிடத்துக்கும் அனுப்பிப் பழக்க விரும்புகிறோம். பார்த்தபின் தெரிந்தெடுக்கட்டும். வார்டைத் தெரிந்தெடுக்கிறவளும் அதைத் தெரிந்தே எடுக்கட்டும்.

கேள்வி கேட்ட அம்மா இன்று மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள். வருகிற சனிக்கிழமை காலை எங்களோடு அந்த மில்லுக்கு வர ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். வாசலில் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டுமாம். கூட வர விரும்புகிறவர்கள் இன்று சாப்பாட்டுக்குப் பிறகு எங்களிடம் பெயர் கொடுங்கள். வேனில் 12 இடம் இருக்கிறது.