காலதர்: காற்றும் ஒளியும் புகும் இல்லம்

 

திருமயிலைக் கபாலீச்சரத்துள் கிழக்கு இராஜகோபுரத்தின் வழியாக நுழைவோர் நாள்தோறும் ஓர் அனுபவத்தை அடைகின்றனர். அதனை நின்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. வீதியில் கொளுத்தும் வெயில். கோபுர வாயிலின் கீழ் அடர்ந்த நிழல். அப்பால் திறந்த பிராகாரம். அங்கே மீண்டும் வெயில், கூடவே கடற்காற்று. ஐயன் மேற்கு நோக்கி எழுந்தருளியிருத்தலின் கிழக்கே புகுந்தவர் பிராகாரத்தைச் சுற்றி வந்தே சன்னிதியை அடைய வேண்டும். மண்டபத்துள் தூண்களுக்கிடையே சாய்ந்து விழும் மங்கிய ஒளி, முடிவில் கருவறை. அங்கே தீபச்சுடர் ஒன்றே வெளிச்சம். வெயிலில் சுருங்கிய கண்மணி சிறிது சிறிதாக விரிந்து இருளுக்குப் பழகுவதற்கு வேண்டிய அவகாசத்தை அந்தச் சுற்றுவழியே அளித்து விடுகிறது. ஸ்தபதியின் கணக்கில் ஒளியும் ஒரு கட்டுமானப் பொருள். கல்லைப் போலவே அதனையும் அவர் அளந்து வைத்தார்.

கருவறைக்குச் சாளரம் இல்லை. அது குறையன்று, அதன் இலட்சணம் அதுவே. அங்கே மனிதர் குடியிருப்பதில்லை. சில நிமிடங்கள் நின்று தரிசித்து மீள்கின்றனர். நெடுநேரம் அங்கே நிற்பவர் அருச்சகர் ஒருவரே. எண்ணெய்ப் புகையும் கற்பூரப் புகையும் கோடை வெம்மையும் எத்தன்மையன என்பதை அவருடைய கண்ணும் மார்பும் அறியும். திருப்பணிக் குழுவினர் அதனையும் ஒரு கணம் நினைத்தல் நன்று.

வியப்பு என்னவெனில், இறைவனுக்கென்று வகுத்த அவ்விருளை இக்காலத்து மனிதர் தமக்கென்று கட்டிக்கொள்கின்றனர். மயிலையிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் எழும்பியுள்ள அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் நண்பகலிலும் மின்விளக்கு எரிகிறது. பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்த சன்னல் ஆண்டு முழுவதும் மூடியே கிடக்கிறது. உள்ளே குளிர்பதன இயந்திரம் சுழல்கிறது. சுவரில் மாட்டும் அவ்வியந்திரங்களிற் பெரும்பாலானவை வெளிக்காற்றைக் கொணர்வதில்லை; அறையிலுள்ள காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கின்றன. நால்வர் விட்ட மூச்சையே அந்நால்வரும் இரவெல்லாம் மீண்டும் வாங்குகின்றனர். இதனை அறியாமலே காலையில் தலை கனக்கிறதென்று மருந்து தேடுகின்றனர்.

சொல்லின் வரலாறு சில வேளை பொருளின் வரலாற்றைக் காட்டும். சிலப்பதிகாரம் சாளரத்தைக் காலதர் என்று வழங்குகிறது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று நடக்கும் வழியே காலதர். இன்று வழங்கும் சன்னல் என்னும் சொல்லோ போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றது. கடற்கரையில் இருந்த பழைய மயிலைக் கோயில் அழிந்தது அவர்கள் காலத்தில் என்பர். அவர்கள் தந்த சொல் மட்டும் மாடவீதியின் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தங்கிவிட்டது. சொல் எங்கிருந்து வந்தால் என்ன? காலதர் என்னும் பெயரோடு அதன் பொருளும் மறந்துபோனதே வருந்தத்தக்கது. கண்ணாடி பதித்து, திறக்கவொண்ணாதபடி முடுக்கிய ஒன்றினைக் காலதர் என்று அழைக்க எந்தப் புலவரும் உடன்படார்.

காற்றில்லாக் கட்டடம் ஒன்று காற்றுள்ள கட்டடமாக மாறிய வரலாறு மயிலைக்கு அண்மையிலேயே உண்டு. கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லம் என்று விளங்கும் மாளிகையை முதியோர் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே சொல்வர். 1842 ஆம் ஆண்டு அது பனிக்கட்டிக் கிடங்காகக் கட்டப்பெற்றது. பிரெடரிக் டியூடர் என்னும் அமெரிக்க வணிகர், தம் நாட்டு ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்தபோது அறுத்தெடுத்த பனிக்கட்டிகளை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பினார். வெயிலும் காற்றும் அணுகினால் சரக்கு நீராய்ப் போய்விடும். ஆகவே அவ்விரண்டையும் தடுப்பதே அக்கட்டடத்தின் தொழில். பிறகு இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை வந்தது. கப்பல் வாணிகம் நின்றது. கட்டடத்தை வாங்கிய வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார், மூடிய சுவர்களில் சாளரங்களைத் திறந்தார். சுற்றிலும் வட்டத் தாழ்வாரங்களை அமைத்தார். பனிக்கட்டியின் சிறை மனிதர் தங்கும் மாளிகையாயிற்று.

1897 பிப்ரவரியில் மேல்நாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாட்கள் தங்கியது அங்கேதான். அவ்வாண்டே சுவாமி ராமகிருஷ்ணானந்தர் சென்னைக்கு வந்து தொடங்கிய மடமும் சில ஆண்டுகள் அங்கேயே நடந்து, பின்னர் மயிலைக்குப் பெயர்ந்தது. இச்செய்திகளைப் பலரும் அறிவர். அதற்குப் பின் நிகழ்ந்ததைச் சிலரே நினைக்கின்றனர். 1917 இல் அரசாங்கம் அம்மாளிகையை விலைக்கு வாங்கியது. சகோதரி சுப்புலட்சுமி அம்மையாரின் முயற்சியால் இளம் விதவைப் பெண்கள் தங்கிப் படிக்கும் விடுதியாக அது விளங்கிற்று. அம்மையார் 1886 இல் பிறந்தவர். இளம்பருவத்திலேயே கணவரை இழந்தும் கல்வியை விடாது, 1911 இல் பட்டம் பெற்றவர். அக்காலத்தில் கணவனை இழந்த சிறுமிக்கு வீட்டில் கிடைத்த இடம் எது? சமையற்கட்டை அடுத்த இருட்டு மூலை. அங்கே முடங்கிக் கிடந்த பெண்கள், அகன்ற சாளரமும் வங்கக் கடலின் காற்றும் உள்ள மாளிகையில் பாடம் படித்தனர். அவர்கள் பெற்ற விடுதலைக்குக் கல்வியே காரணம் என்பது உண்மை. எனினும் வெளிச்சமும் காற்றும் அவ்விடுதலையின் புறவடிவம் என்று கருதுவதில் பிழையில்லை.

பழைய வீடுகள் யாவும் நன்று, புதியன யாவும் தீது என்பது இச்சொற்பொழிவின் கருத்தன்று. மாடவீதி வீட்டை உள்ளபடியே பார்த்தல் வேண்டும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கொல்லை என்று ஒரே நேர்கோட்டில் வாசல்கள் அமைந்திருக்கும். தெருவில் நின்று நோக்கினால் கொல்லைக் கிணறு தெரியும். முற்றத்தில் வெயில் விழ, அங்குள்ள காற்று சூடேறி மேலே எழும். அவ்விடத்தை நிரப்ப வாசலிலிருந்தும் கொல்லையிலிருந்தும் புதுக்காற்று உள்ளே வரும். விசிறியும் இல்லை, விசையும் இல்லை. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்திட்ட மெட்ராஸ் தளம் உயரத்தில் இருந்தமையால் வெப்பமும் தலைக்கு மேலேயே நின்றுவிடும். இவை புகழத்தக்கவை. ஆனால் அதே வீட்டில் காமரா உள் என்று ஓர் அறை இருந்தது. பகலிலும் விளக்கின்றி நுழைய முடியாதது. பிரசவித்த தாயையும் பச்சிளங் குழந்தையையும் பெரும்பாலும் அங்கேதான் கிடத்தினர். சமையலறையில் ஊதுகுழலோடு போராடிய பெண்மணிகளின் கண்ணீருக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. முற்றத்தின் தென்றல் திண்ணையில் அமர்ந்தவருக்கு எட்டிய அளவு அடுப்படிக்கு எட்டவில்லை. வீட்டின் சிறப்பைப் பாடுவோர் பெரும்பாலும் திண்ணையில் அமர்ந்தவரே!

இனி, ஒளியும் காற்றும் உடலுக்கு என்ன செய்கின்றன என்பதைச் சற்றுக் காண்போர் காண்க. 1877 இல் இங்கிலாந்தில் டவுன்ஸ், பிளண்ட் என்னும் இருவர், சூரிய ஒளி நுண்கிருமிகளை அழிக்கிறதெனச் சோதனையால் காட்டினர். 1882 இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த இராபர்ட் கோக், வெயிலில் அது விரைவில் மடிவதைப் பின்னர் எடுத்துரைத்தார். காசநோய்க்கு மருந்து காணாத அக்காலத்தில் திறந்தவெளிச் சிகிச்சை உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தில் அவ்வாறான நிலையம் ஒன்றை நடத்தியவர் டாக்டர் சௌரி முத்து என்னும் தமிழர். கணித மேதை இராமானுஜன் நோயுற்றபோது சில காலம் அவரிடம் சிகிச்சை பெற்றார். அவரே தாயகம் திரும்பி, 1928 இல் தாம்பரத்தில் ஆரோக்கிய நிலையத்தை நிறுவினார். தாம்பரம் சானடோரியம் என்னும் இரயில் நிலையத்தின் பெயர் அதனால் வந்தது.

உண்மையை மறைத்தலாகாது. காற்றும் வெயிலும் மட்டும் காசநோயைத் தீர்ப்பதில்லை. 1956 இல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், ஒரு சாரார்க்கு ஆரோக்கிய நிலையத்திலும் மறு சாரார்க்கு நெருக்கடி மிகுந்த தத்தம் வீட்டிலும் ஒரே மருந்துகளைக் கொடுத்து ஒப்பிட்டது. இரு சாராரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே குணமடைந்தனர் என்று 1959 இல் வெளிப்படுத்திற்று. உலகின் சிகிச்சை முறையையே அம்முடிவு மாற்றியது. வந்த நோயைத் தீர்ப்பது மருந்து. ஆயினும் நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவாமல் தடுக்கும் தொழிலில் காற்றுக்கு நிகர் அரிது. பெரு நாட்டு லிமா நகர மருத்துவமனைகளில் நடத்தி 2007 இல் வெளியிட்ட ஆய்வில், 1950 க்கு முற்பட்ட உயர்ந்த கூரையும் பெரிய சாளரங்களும் உடைய பழைய கட்டடங்களே இயந்திரக் காற்றோட்டமுள்ள புதிய அறைகளை விட மிகுதியான புதுக்காற்றைப் பெற்றன என்று கண்டனர். 2020 இல் கொரோனாப் பெருந்தொற்று வந்தபோது இப்பாடத்தை உலகம் மீண்டும் கற்றது. சன்னலைத் திற என்று அரசாங்கங்களே கூற வேண்டியதாயிற்று.

ஒளியின் பயன் வேறு வகையது. கண்ணுக்குள் பார்வைக்கு உதவும் அணுக்களேயன்றி, பகல் இரவு என்னும் வேளையை மூளைக்கு உணர்த்தும் அணுக்களும் உண்டென 2002 இல் கண்டறிந்தனர். காலை வெளிச்சம் கண்ணிற் பட்டால்தான் உடலின் கடிகாரம் ஒழுங்குறும். மகன் அலுவலகத்திற்கும் பேரன் பள்ளிக்கும் சென்றபின் ஐந்தாவது மாடியில் தனித்திருக்கும் முதியவர் ‘இரவில் உறக்கமில்லை’ என்கிறார். பகல் முழுவதும் அவர் அமர்ந்திருந்த இடத்தைப் போய்ப் பார்த்தால் காரணம் பாதி விளங்கும். முன்பு விடியற்காலையில் குளக்கரைக்கும் கோயிலுக்கும் நடந்தவர் அவர். அப்போது அவர் பெற்றது தரிசனம் மட்டுமன்று.

சென்னையில் வீடு கட்டுவோர் அறிய வேண்டுவன சில. கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் எழும். அத்திசைகளில் வாயும், எதிர்ச்சுவரில் சற்று உயரத்தில் போக்கும் வேண்டும். ஒரே சுவரில் மட்டும் திறப்பு வைத்தால் காற்று எட்டிப் பார்த்துத் திரும்பிவிடும். மேற்குச் சுவர் மாலை வெயிலை உண்டு இரவெல்லாம் உமிழும். அப்பக்கம் குளியலறை, மாடிப்படி ஆகியவற்றை வைத்தல் அறிவுடைமை. ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகற் சூரியன் சென்னைக்கு வடக்கே நிற்பான். ஆதலின் வடக்குச் சாளரத்திற்கும் சிறு நிழற்பலகை வேண்டும். இத்தகைய வெப்பமும் ஈரமும் கூடிய ஊர்களில் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கேனும் திறப்பு இருத்தல் வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறும் அளவு. கொசுவுக்கு என் செய்வது என்று எவரும் கேட்பர், நியாயமான கேள்வி. வலை இடுக, ஆனால் வலை காற்றில் கணிசமான பகுதியைக் குறைக்கும், தூசி அடைந்தால் இன்னும் குறைக்கும். ஆகவே சாளரத்தைப் பெரிதாக்கி, வலையை மாதந்தோறும் கழுவுதல் தகும். பெருஞ்சாலை ஓரத்து வீட்டினர் வண்டிப் புகை மிகுந்த வேளையில் மூடி, விடியலிலும் பின்னிரவிலும் திறப்பதே வழி.

தியாகராய நகரை வகுத்தோர் காற்றை மறந்தவரல்லர். 1920 களில் பழைய நெட்டேரி நிலத்தில் பனகல் பூங்காவை நடுவில் வைத்து, வீதிகளை அகலமாக இட்டு, தோட்டத்தோடு கூடிய வீடுகளுக்கென மனை பிரித்தனர். அம்மனைகளில் இன்று நாற்புறமும் அடைத்த கடைகள் நிற்கின்றன. 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் பல அடுக்குத் துணிக்கடை ஒன்று தீப்பற்றி ஒரு நாளுக்கும் மேலாக எரிந்தது. அடைபட்ட கட்டடத்தில் புகை மண்டியமையால் தீயணைப்போர் பெரிதும் அல்லலுற்றனர். பின்னர் அக்கட்டடத்தையே இடிக்க நேர்ந்தது.

இறுதியாக உபயதாரர்களுக்கு ஒரு விண்ணப்பம். கபாலீச்சரத்தில் 2016 ஏப்ரல் 3 ஆம் நாள் நன்னீராட்டு நிகழ்ந்தது போல, பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை திருப்பணி வருவது மரபு. அவ்வேளையில் அன்பு மிகுதியால் பிராகாரத்திற்குத் தகரக் கூரை, மண்டபத்திற்குக் கண்ணாடிக் கதவு, பழைய கல்தளத்தின் மேல் வழவழப்பான ஓடு என்று கொடுப்போர் பலர். தகரம் வெயிலை மறைத்து வெப்பத்தைக் கீழே இறக்கும். காற்றும் வானும் மறையும். அதனினும், மரம் ஒன்றை நட்டுக் காத்தலும், தேவையான இடத்தில் விழாக் காலத்து ஓலைப் பந்தலிடுதலும் மேல். மடைப்பள்ளியின் புகைப்போக்கியைச் சீர்செய்தல், அன்னதானக் கூடத்தின் மேற்பகுதியில் காற்றுப்போக்கிகளைத் திறத்தல், அருச்சகர் மாற்றுடை அணியும் அறைக்கு ஒரு சாளரம் வைத்தல் ஆகியன சிறு செலவு, நெடும்பயன். இவற்றில் பெயர் பொறிக்க இடமில்லையே என்று தயங்க வேண்டா. குழல்விளக்கின் மேல் ‘உபயம்’ என்று எழுதியதனால் பாதி வெளிச்சம் எழுத்துக்களுக்குப் பின்னே நின்றுபோன கோயில்களை எல்லோரும் கண்டிருக்கின்றனர். சாளரத்திற்கு உபயம் எழுத வேண்டுமாயின், பக்கத்துச் சுவரில் இடம் தாராளமாக உண்டு.