சீட்டு எழுதிய பின்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

கம்பனையும் வள்ளுவனையும் பற்றி இம்மேடையில் பேசத் தகுதியுடையோர் பலர் ஈண்டு அமர்ந்துள்ளனர். நாமோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, பார்சல் ஆபீஸில் இருபத்து மூன்று ஆண்டுகளாகக் கணக்கெழுதி வருகின்றோம். வைத்தியத்தைப் பற்றிப் பேச நமக்கு உரிமை இல்லை. ஆயினும், வைத்தியர் சீட்டு எழுதிக் கொடுத்து, "போய் வாருங்கள்" என்று சொன்ன பின் வீட்டில் நடப்பதெல்லாம் நம் காரியமே. அதைக் குறித்துச் சில சொற்கள் சொல்ல விழைகின்றோம்.

2022ஆம் ஆண்டு மழைக்காலத்தில் நம் அன்னையார்க்கு இருமல் கண்டது. மூன்று வாரமாகியும் தணியவில்லை. ஊருக்குள் தனியாக வைத்தியம் பார்க்கும் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். பெயர் சொல்லுதல் முறையன்று, நல்லவர், கைராசிக்காரர். சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினார். "ரிப்போர்ட் வந்தால் சொல்லியனுப்புகின்றோம்" என்றார் அங்கிருந்த கம்பவுண்டர். செய்தி ஒன்றும் வரவில்லை. வரவில்லையாதலின் கேடொன்றும் இல்லை என்று நாமும் இருந்துவிட்டோம். இருமலும் சற்றுத் தணிந்தது போலிருந்தது.

ஏழு வாரங்கள் கழித்துச் சளியில் இரத்தம் கண்டபோதுதான் மறுபடியும் ஓடினோம். ரிப்போர்ட் மேசை டிராயரிலேயே கிடந்தது. காசநோய் என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. அவர்கள் தொலைபேசியில் அழைத்தே இருக்கின்றார்கள். ஆனால் அந்த எண் நாம் கைவிட்டு இரண்டாண்டு ஆன எண். பழைய சீட்டைப் பார்த்துப் பெயர்த்தெழுதியது. மறுமுறை அழைக்கவோ ஆளனுப்பவோ எவர்க்கும் தோன்றவில்லை. அந்த ஏழு வாரமும் நம் தம்பியின் மூன்று வயது மகள் பாட்டியின் பாயிலேயே உறங்கி வந்தாள்.

இதைப் பல இரவுகள் எண்ணிப் பார்த்தோம். நம் பார்சல் ஆபீஸில் ஒரு மாம்பழக் கூடை சேருமிடம் சேராவிட்டால் ஏடு காட்டிக் கொடுத்துவிடும். ஏற்றிய இடத்தில் ஒரு பதிவு, இறக்கிய இடத்தில் ஒரு பதிவு. இரண்டும் பொருந்தாவிடில் கேள்வி எழும். மாம்பழத்திற்கு உள்ள இந்த ஏடு ஒரு மனிதரின் ரிப்போர்ட்டுக்கு இல்லை. அனுப்பிய பரிசோதனை எது, திரும்பி வந்தது எது, உரியவர் காதில் விழுந்தது எது என்று வாரம் ஒரு நாள் ஒருவர் பார்த்திருப்பாராயின் ஏழு வாரம் ஏழு நாளாகியிருக்கும்.

ஸ்டேஷன் மாஸ்டர்களாக உள்ள அன்பர்கள் மற்றொன்றும் அறிவர். தொலைபேசியில் லைன் கிளியர் வாங்கும்போது கேட்டவர் அதனைத் திருப்பிச் சொல்லுவார், பிரைவேட் நம்பர் கொடுப்பார், இருபுறத்தும் எழுதிக்கொள்வர். "கேட்டீரா?" "கேட்டேன்" என்பதோடு ரயிலை விடுவதில்லை. வைத்தியசாலையில் நாம் செய்வது என்ன? அவர் ஹிந்தியிலோ வங்காளத்திலோ விரைந்து சொல்லுகின்றார். ஊரிலிருந்து வந்து சில மாதமேயான நம் பெரியவர்கள், புரியாவிடினும், மரியாதைக்காக, "ஹாங், ஹாங்" என்று தலையசைக்கின்றார்கள். மூட்டுவாதத்திற்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் என்னும் மாத்திரை வாரம் ஒரு முறை மட்டும் உண்ணத் தக்கது. நாள்தோறும் உண்டால் இரத்தம் ஊறும் எலும்பு மச்சையையே கெடுத்து உயிரையும் மாய்க்கக் கூடும். "ஹஃப்தே மே ஏக் பார்" என்பதற்கும் "தின் மே ஏக் பார்" என்பதற்கும் இடையில் இருப்பது ஒரே சொல்தான், அன்பர்களே!

அன்னையார்க்குப் பின்னர் அரசினர் காசநோய் நிலையத்தில் மருந்து தொடங்கினோம். இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அதன்பின் நான்கு மாதம் மூன்று மருந்துகள், யாவும் இலவசம். இரண்டாம் மாதத்தில் உடம்பு தேறியதும், "எல்லாம் சரியாகிவிட்டது, இனி எதற்கு?" என்று அன்னையார் மருந்தை நிறுத்த முனைந்தார்கள். அவ்விதம் பாதியில் நிறுத்தினால் நோய் மருந்துக்கு அடங்காத வகையாகத் திரும்பக் கூடும். அவ்வேளையில் நிலையத்து ஊழியப் பெண்மணி ஒருவர் வாரந்தோறும் தொலைபேசியில் அழைத்து, "அம்மா, இன்று உண்டீர்களா? குமட்டல் உண்டா? கண் தெளிவாகத் தெரிகின்றதா?" என்று வினவுவார். அந்த மூன்று கேள்விகளே அன்னையாரை ஆறு மாதமும் நிறுத்தின. குழந்தையையும் சோதித்து, நோய் பற்றவில்லை என்று கண்டு, தடுப்பு மருந்து கொடுத்தார்கள்.

இம்முறை நம் சென்னையோடு தொடர்புடையது என்பதைச் சொல்லாதிருக்க மனம் இல்லை. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு சோதனை செய்தனர். ஒரு சாராரைச் சானடோரியத்தில் வைத்தும், மற்றொரு சாராரை அவரவர் வீட்டிலேயே வைத்தும் ஓராண்டு மருந்து கொடுத்தனர். வீட்டில் இருந்தோர் ஏழைகள், நெருக்கடியான குடியிருப்பினர். எனினும் அவர்களும் ஏறக்குறைய அவ்வளவே தேறினர் என்று 1959இல் வெளியிட்டனர். ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணிப் பார்த்தனர் என்பதையும் மறத்தலாகாது. மருந்து அதுவே; அதன் பின்னால் ஒருவர் நடந்து சென்றார்.

மேற்சொன்ன தனி வைத்தியரிடமே நாம் நால்வர் சென்று பேசினோம். முதலில் முகம் சுளித்தார். மாம்பழக் கூடை கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டார். இன்று அவர் மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. சனிக்கிழமைதோறும் கம்பவுண்டர் அதைப் புரட்டுகின்றார். சீட்டை எடுத்துக்கொண்டு எழுவோரை, "எப்படி உண்பீர், சொல்லும் பார்ப்போம்" என்று வைத்தியரே கேட்கின்றார். மொழி தெரியாத முதியோர்க்குத் துணை செல்லச் சங்கத்தில் அறுவர் இசைந்துள்ளனர். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அங்குக் கேட்டதை அங்கேயே விட்டு வருக. நம் காலனியில் செய்தி மெயிலினும் விரைந்து ஓடும். அதற்கு அஞ்சியே நோயை மறைப்போர் உளர்.

வாயிலருகே மேசையில் சிறு அட்டைகள் வைத்துள்ளோம். மருந்தின் பெயர், உண்ணும் வேளை, அடுத்துச் செல்ல வேண்டிய நாள் ஆகியவற்றைத் தமிழில் எழுதிக்கொள்ளலாம். கடைசி வரி தொலைபேசி எண்ணுக்கு.

அன்னையார் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார்கள். அவர்கள் இசைவு பெற்றே இதைப் பேசினோம். "எண் மாறியதை நீ சொல்லாததும் பிழைதான், அதையும் சேர்த்துச் சொல்லப்பா" என்றார்கள். சொல்லிவிட்டோம்.